இடையன்குடிக் கோயில்: 33 வருடம் எழும்பிய சுவர்களை எப்படிப் படிப்பது?

தேரிமணல்

திசையன்விளையில் ஒரு கல்யாணம். சாப்பாடு முடிந்ததும் சாயங்கால ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்ததால் இடையன்குடிக்கு ஆட்டோ பிடித்தேன். சின்ன வயதில் அப்பாவோடு ஒரே ஒரு தடவை போனது. அன்றைக்கு எனக்குக் கோயிலைவிட வெளியே இருந்த மரநிழல்தான் பெரிதாகத் தெரிந்தது.

இந்தத் தடவை உள்ளே ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பரிசுத்த திரித்துவ ஆலயம். கூர்வளைவு ஜன்னல்களுக்கு அந்தப் பக்கம் பனைமரம். பீடத்துக்கு அடியில் மிஷனரி கால்டுவெல்லின் கல்லறை. அடிக்கல் 1847, பிரதிஷ்டை 1880 ஜூலை 6. இந்த வருடங்கள் எனக்கு முன்பே தெரியும். ஆனால் அங்கே உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் அதன் கனம் புரிந்தது. 1814இல் பிறந்த மனிதர். அடிக்கல் போட்ட வருடம் அவருக்கு 33 வயது. கோயிலைப் பிரதிஷ்டை செய்த வருடம் 66. அதுவரை வாழ்ந்த நாளில் சரிபாதி இந்த ஒரு கட்டடம் அவர் கண்முன்னே முடியாமல் நின்றிருக்கிறது.

நாம் கால்டுவெல்லை அவர் எழுதிய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். மெரினாவில் 1968இல் வைத்த சிலை எல்லாருக்கும் தெரியும். அவர் வாழ்ந்த வீட்டை அரசு 2011இல் நினைவில்லமாகத் திறந்தது, அதைப் பார்க்கவும் ஆள் வருகிறது. கோயிலைக் கட்டடமாகப் பார்த்து யாராவது பேசியிருக்கிறோமா? எனக்கு மூன்று கேள்விகள் இருக்கின்றன. ஏன் 33 வருடம்? செம்மண் தேரிக்கும் பனங்காட்டுக்கும் நடுவில் ஏன் கோத்திக் என்கிற இந்தக் கூர்வளைவுப் பாணி? அப்புறம், "கால்டுவெல் கட்டினார்" என்று ஒரே வரியில் சொல்கிறோமே, உண்மையில் கட்டியது யார்? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

வரைபடம்

இரண்டாவது கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். கட்டடக்கலை சொல்லிக்கொடுக்கிறவன் என்பதால் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் 1815இல் கட்டிய புனித ஜார்ஜ் பேராலயத்தையும், எழும்பூரில் 1821இல் கட்டிய கிர்க் என்கிற ஸ்காட்லாந்து சபைக் கோயிலையும் நினைத்துப் பாருங்கள். முன்னால் வரிசையாகப் பெரிய வெள்ளைத் தூண்கள், மேலே முக்கோண முகப்பு, அதற்கு மேல் ஊசிக்கோபுரம். லண்டனில் 1720களில் எழும்பிய புனித மார்ட்டின் கோயிலின் சாயல் அது. கம்பெனி ராணுவ இன்ஜினியர்கள் அந்த வரைபடப் புத்தகங்களை வைத்துக்கொண்டு இந்தியா முழுக்க அதே மாதிரி கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த நாளில் கிறிஸ்தவக் கோயில் என்றால் கிரேக்கத் தூண்கள் என்றுதான் அர்த்தம்.

1840களில் இது தலைகீழாக மாறியது. இங்கிலாந்தில் பியூஜின் என்ற கட்டடக் கலைஞர் கிரேக்கத் தூண் புறஜாதிக் கோயிலுக்கு உரியது, கூர்வளைவுதான் கிறிஸ்தவ வடிவம் என்று வாதாடினார். 1839இல் கேம்பிரிட்ஜில் இதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கி, காலனி நாடுகளில் கோயில் எப்படி இருக்க வேண்டும் என்றுகூடப் பத்திரிகை நடத்தி எழுதினார்கள். பீடம் கிழக்கே இருக்க வேண்டும், பீடப்பகுதி சபையார் உட்காரும் இடத்திலிருந்து தனியாகத் தெரிய வேண்டும், ஞானஸ்நானத் தொட்டி வாசலுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் சொன்னார்கள். 1847இல் அடிக்கல் போட்ட ஆங்கிலிக்கக் கோயில் ஒன்று கோத்திக்காக அமைந்தது தற்செயல் இல்லை. இருபது வருடம் முன்னால் தொடங்கியிருந்தால் இடையன்குடியில் உருண்டைத் தூண்களைப் பார்த்திருப்போம்.

கூர்வளைவில் ஒரு நடைமுறை வசதியும் உண்டு. அரைவட்ட வளைவுக்கு அகலத்தில் பாதிதான் உயரம், அதை மாற்ற முடியாது. கூர்வளைவை அதே அகலத்தில் எவ்வளவு உயரத்துக்கும் தூக்கலாம். பாரம் பக்கவாட்டில் தள்ளுவது குறைந்து கீழ்நோக்கி இறங்கும். மிச்சமுள்ள தள்ளலைத் தாங்கத்தான் சுவருக்கு வெளியே இடைவெளி விட்டு முட்டுச்சுவர்கள். கோத்திக் கோயிலின் வெளிச்சுவரில் வரிசையாகப் புடைத்து நிற்பது அலங்காரம் இல்லை, ஒவ்வொன்றும் தோள் கொடுத்து நிற்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் ஜன்னலை உயர்த்தியது மங்கலான வெயிலை எவ்வளவு முடியுமோ அவ்வளவு உள்ளே வாங்க. நம் ஊரில் வெயில் தேவைக்கு மேலேயே இருக்கிறது. இங்கே உயரமான ஜன்னலும் உயரமான கூரையும் செய்கிற உதவி வேறு: சூடான காற்று மேலே போய்விடும், உட்கார்ந்திருக்கிற ஆளுக்குக் கீழே குளிர்ச்சி. தேரிமணல் ஒரு மணி நேரம் மின்விசிறி இல்லாமல் உட்கார முடிந்திருந்தால் காரணம் இதுதான்.

தேரிமணல்

ஆமாம், மின்விசிறி ஓடவில்லை. நீங்கள் சொன்ன பிறகுதான் அது நினைவுக்கே வருகிறது. நன்றி.

மெய்ஞானபுரத்துப் பேத்தி

எங்கள் ஊர்க் கோயிலைப் பற்றிப் பேசாமல் இந்த இழை போகக்கூடாது என்று நுழைகிறேன்.

மெய்ஞானபுரம் தூய பவுல் ஆலயம். உடன்குடிக்குப் போகிற வழியில் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் முதலில் கோபுரம்தான் தெரியும். 192 அடி. சுற்றிலும் பனை, செம்மணல், நடுவில் அப்படி ஒரு ஊசிக்கோபுரம். பனையேறப் போன எங்கள் தாத்தா, மரத்து உச்சியிலிருந்து பார்த்தாலும் கோபுரம் தனக்கு மேலேதான் நிற்கும் என்பார்.

ஜான் தாமஸ் ஐயர் வேல்ஸ் நாட்டுக்காரர், சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சொசைட்டி) மிஷனரி. 1838இலிருந்து 1870இல் இறக்கும்வரை அங்கேயேதான் இருந்தார். நெடுவிளை என்ற பழைய பெயர் மெய்ஞானபுரம் ஆனதும் அந்தக் காலத்தில்தான். முதலில் இருந்தது ஓலை வேய்ந்த ஜெபக்கூடம். புயலுக்குத் தாங்காத கட்டடம். அடுத்து எழும்புவது அசையாததாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்ததுதான் இந்தக் கோயில். 1847இல் உள்ளே ஆராதனை தொடங்கியது. ஆனால் கோபுரம் முடிந்தது 1868இல்.

வருடத்தைக் கவனித்தீர்களா? இடையன்குடியில் அடிக்கல் போட்ட அதே 1847இல் எங்கள் ஊரில் உள்ளே பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். முதலில் கூரைக்கு அடியில் சபை உட்காரட்டும், கோபுரம் பிறகு என்று தாமஸ் ஐயர் முடிவெடுத்திருக்கிறார். 21 வருடம் கோபுரம் இல்லாத கோயிலாக இருந்திருக்கிறது. "கோபுரம் இல்லாத காலத்து ஆள்" என்று எங்கள் ஊரில் மிகப் பழைய ஆட்களைச் சொல்லுகிற வழக்கம் என் பாட்டி காலம்வரை இருந்தது.

தேரிமணல்

அக்கா, இது முதல் கேள்விக்குப் பாதி பதில். நானும் வீட்டுக்கு வந்து கொஞ்சம் வாசித்தேன். நான் சேர்த்து வைத்ததைச் சொல்கிறேன்.

கால்டுவெல் 1838 ஜனவரியில் சென்னையில் இறங்கினார். 1841இல் அங்கிருந்து கிளம்பி தஞ்சாவூர், திருச்சி, நீலகிரி, மதுரை என்று சுற்றிக்கொண்டு பெரும்பாலும் நடந்தே வந்தார். அந்த டிசம்பரில் இடையன்குடி. வந்தவுடனே பெரிய கோயில் என்று அவர் தொடங்கவில்லை. நிலம் வாங்கித் தெருக்களை நேராக வகுத்தார், கிணறு வெட்டினார், மரம் வைத்தார், பள்ளிக்கூடம் கட்டினார். இன்றும் அந்த ஊர்த் தெருக்கள் நூல் பிடித்த மாதிரி இருப்பதைப் பார்க்கலாம். 1844இல் எலைசா மால்ட்டைத் திருமணம் செய்கிறார். எலைசா அம்மா நாகர்கோவிலில் பிறந்து வளர்ந்தவர், தமிழ் தாய்மொழி மாதிரி. இடையன்குடிப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளியும் லேஸ் பின்னலும் அவரால் வந்தவை.

அடிக்கல்லுக்குப் பிறகு? 1854இல் உடம்பு சரியில்லாமல் இங்கிலாந்து போகிறார். 1856இல் ஒப்பிலக்கணம் அச்சாகிறது. திரும்பி வந்து தமிழ் வேதாகமத் திருத்தக் குழுவில் வருடக்கணக்கில் வேலை. 1873இலிருந்து 1875வரை மறுபடி இங்கிலாந்து, ஒப்பிலக்கணத்தின் இரண்டாம் பதிப்பு. 1876இல் தாது வருஷப் பஞ்சம் தொடங்கி 1878வரை நீடிக்கிறது. அதற்கு நடுவில் 1877 மார்ச்சில் கல்கத்தாவில் பேராயராக அபிஷேகம். பஞ்ச காலத்தில் கிராமம் கிராமமாக ஜனங்கள் சபையில் சேர்ந்தார்கள். கஞ்சி ஊற்றுவதும் கணக்கு எழுதுவதும் சுவர் எழுப்புவதைவிட அவசரம். 1880 ஜனவரியில் பாளையங்கோட்டையில் திருநெல்வேலித் திருச்சபையின் நூற்றாண்டு விழா. ஆறு மாதம் கழித்து ஜூலையில் இடையன்குடிப் பிரதிஷ்டை.

ஆகவே 33 வருடத்துக்குத் தனியாக ஒரு காரணம் தேட வேண்டாம் என்று எனக்குப் படுகிறது. காசு இருந்தபோது ஆள் இல்லை, ஆள் இருந்தபோது காசு இல்லை, இரண்டும் இருந்தபோது பஞ்சம். நம் வீட்டைக் கட்டுகிற கதையும் பெரும்பாலும் இப்படித்தானே.

கொத்தனார் மகன்

என் அப்பாவும் தாத்தாவும் கொத்தனார்கள். தாத்தா சுண்ணாம்பு வேலை பார்த்த கடைசித் தலைமுறை. அவரிடம் கேட்டதையும் நான் கையால் தொட்டுப் பார்த்ததையும் எழுதுகிறேன். இடையன்குடிக்கு மட்டும் என்று இல்லை, இந்தப் பக்கத்துப் பழைய கட்டடங்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

33 வருடம் என்றால் எல்லாரும் ஐயோ என்கிறீர்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்தவனுக்கு அது அவ்வளவு ஆச்சரியம் இல்லை. சிமெண்ட் சில மணி நேரத்தில் இறுகிவிடும். சுண்ணாம்பு அப்படி இல்லை. காற்றில் இருக்கிற கரியமில வாயுவை மெதுவாக இழுத்து மறுபடி கல்லாக மாறும். தடிச் சுவருக்குள்ளே இது நடக்க வருடங்கள் ஆகும். அவசரப்பட்டுச் சுவரை ஏற்றினால் அடிவரிசை பிதுங்கும். அதனால் ஒரு உயரம் ஏற்றிவிட்டுக் காயவிடுவார்கள். மழைக்காலத்தில் சுவர்த் தலைக்கு ஓலை மூடி வைப்பார்கள்.

கடற்கரைப் பக்கம் கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டு நீற்றிய சுண்ணாம்புதான் நயம். நீற்றியதைக் குழியில் தண்ணீரில் மூழ்க வைத்து மாதக்கணக்கில் ஊறவிடுவார்கள். அப்புறம் மணலோடு சேர்த்து, வட்டமான கல் தொட்டியில் மாடு இழுக்கிற கல் சக்கரத்தால் அரைப்பார்கள். கடுக்காய் ஊறிய தண்ணீர், கருப்பட்டி கரைத்த தண்ணீர் ஊற்றி அரைப்பது பூச்சுக்கு. கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துத் தேய்த்தால் கண்ணாடி மாதிரி வரும். தாத்தா தன் உள்ளங்கையால் சுவரைத் தடவி "இது கருப்பட்டி ஊத்துன சுவரு" என்று சொல்வார். எப்படித் தெரியும் என்று கேட்டால் சிரிப்பார், அவ்வளவுதான்.

கூரைக்குப் பனைதான். எல்லாப் பனையும் ஆகாது. வயதான பனையில் வெளிவட்டம் கறுத்து வைரம் பாய்ந்திருக்கும், உள்சோறு நாராக இருக்கும். சோற்றைச் செதுக்கி எறிந்துவிட்டு வைரத்தை மட்டும் சட்டமாக அறுப்பார்கள். கரையான் அதைத் தொடாது. நூறு வருடப் பனஞ்சட்டத்தில் ஆணி அடிக்கப் பார்த்தால் ஆணிதான் வளையும்.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு என் பதில் இதற்குள்ளேயே இருக்கிறது, தேரிமணல் அண்ணாச்சி. கூர்வளைவை இங்கிலாந்தில் காகிதத்தில் வரைந்திருக்கலாம். அதற்கு இங்கே சாரம் கட்டி, பலகையில் வளைவுச் சட்டம் செய்து, கல்லைச் செதுக்கி உட்கார வைத்தவர்கள் அதற்குமுன் கூர்வளைவைக் கண்ணால் கூடப் பார்க்காதவர்கள். கோயில் மண்டபமும் தெப்பக்குளமும் கட்டிப் பழகிய கைகள் அவை. அந்தக் கைகள் ஒரு புது வடிவத்தைக் கற்றுக்கொள்ளவும் வருடம் பிடிக்கும்.

பனங்காடு

எல்லாரும் அன்பாக எழுதுகிறீர்கள், எனக்கும் அந்தக் கோயில் பிடிக்கும். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது.

அடிக்கல் போட்ட இரண்டாவது வருடம், 1849இல், கால்டுவெல் இந்தப் பகுதிப் பனையேறிகளைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். இங்கிலாந்தில் மிஷனுக்கு ஆதரவு திரட்ட எழுதியது. எங்கள் முன்னோரின் அறிவையும் பழக்கவழக்கங்களையும் மிகவும் தாழ்த்தி எழுதியிருந்தார். மிஷன் பள்ளியில் படித்து வந்த எங்கள் அடுத்த தலைமுறையே அதை எதிர்த்து எழுதியது, மனுக்கள் போட்டது. பிற்காலத்தில் அந்த நூல் புழக்கத்திலிருந்து எடுக்கப்பட்டது.

நினைத்துப் பாருங்கள். அதே வருடங்களில், அதே ஊரில், அந்த எழுத்து யாரைப் பற்றியதோ அவர்கள் கல் சுமந்துகொண்டிருக்கிறார்கள். தங்களைப் பற்றி லண்டனில் என்ன அச்சானது என்று அன்றைக்கு அவர்களுக்குத் தெரியாது. எனக்கு இந்தக் கோயிலுக்குள் போகும்போது மனதில் வருவது அவர்கள்தான். "கால்டுவெல் கட்டிய கோயில்" என்று பலகையில் எழுதுவதை நான் ஏற்கவில்லை.

தேரிமணல்

பனங்காடு அண்ணாச்சி, இதை நீங்கள் எழுதியது நல்லது. நான் மூன்றாவது கேள்வியைக் கேட்டபோது இது என் மனதில் இருந்தது, ஆனால் எழுதத் தயங்கினேன்.

நான் இரண்டையும் சேர்த்தே பிடித்துக்கொள்ள முயல்கிறேன். அந்த நூல் காயப்படுத்தியது உண்மை. அதை எழுதினவரே பிறகு நாற்பது வருடம் அந்த ஜனங்களோடு இந்தச் சீமையிலேயே கிடந்து, கொடைக்கானலில் 1891 ஆகஸ்டில் இறந்தபோது உடலை இடையன்குடிக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்ததும் உண்மை. எலைசா அம்மாவும் 1899இல் அங்கேயே. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை அழிக்க எனக்கு மனம் இல்லை.

ஆனால் பலகை விஷயத்தில் உங்களோடு நான் இருக்கிறேன். நம் கிராமக் கோயில்களில் வெளிநாட்டு நன்கொடை ஒரு பங்கு என்றால், கைப்பிடியரிசி இன்னொரு பங்கு. உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைக் கோயில் கலயத்தில் போட்ட பெண்கள் எத்தனை பேர்! அவர்கள் யார் பெயரும் எந்தக் கல்லிலும் இல்லை.

வடக்கன்குளத்தான்

கட்டடம் ஊரின் மனதைக் காட்டும் என்பதற்கு எங்கள் ஊர் ஒரு சாட்சி. சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன்.

வடக்கன்குளம் கத்தோலிக்க ஊர். புனித தேவசகாயம் 1745இல் ஞானஸ்நானம் பெற்ற இடம். 19ஆம் நூற்றாண்டில் இங்கே கட்டிய திருக்குடும்ப ஆலயத்தின் வரைபடத்தைப் பார்த்தால் இரண்டு கால் நீட்டியது போல இருக்கும். ஒரே பீடம், அதிலிருந்து பிரிகிற இரண்டு நீளக் கூடங்கள். ஒவ்வொரு சாதிக்கும் ஒவ்வொரு கூடம், நடுவே சுவர். ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஒரே பூசையைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே போட்ட வரைபடம். 1910இல் பங்குச் சாமியார் அந்தத் தடுப்பை இடித்தார். அதை எதிர்த்து ஊரில் பெரிய கலகம், வழக்கு, சென்னை உயர் நீதிமன்றம்வரை போனது. சுவர் திரும்ப வரவில்லை.

இன்றைக்கு உள்ளே நின்றால் தடுப்பு இல்லை. ஆனால் இரண்டு கூடங்களும் இருக்கின்றன. கட்டடத்தின் உருவத்தை மாற்ற முடியாதல்லவா. என் மகளுக்கு அதைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் இரண்டு கூடத்திலும் மாறி மாறி நடந்து பார்த்தாள்.

வரைபடம்

ஐயா, உங்கள் பதிவை என் மாணவர்களுக்கு வாசித்துக்காட்ட அனுமதி கொடுங்கள். ஒரு கட்டடத்தின் தரைப்படத்தை ஏன் முதலில் பார்க்க வேண்டும் என்று நான் ஒரு வகுப்பு முழுக்கச் சொல்வது இந்த ஒரு கோயிலில் இருக்கிறது.

சீர்திருத்தச் சபைகளிலும் இந்தப் போராட்டம் நடந்தது. 1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று ஆணை அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் அதை ஏற்காமல் பலர் பிரிந்தே போனார்கள். 14 வருடம் கழித்து இடையன்குடியில் ஒரே நடுக்கூடமாகக் கோயில் தொடங்கியது என்பதை அந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஓலைப்பாய்

நான் எழுபது தாண்டியவள். பேத்தி தட்டச்சு செய்கிறாள்.

நீங்கள் எல்லாரும் ஜன்னல், வளைவு என்கிறீர்கள். நாங்கள் கோயிலைத் தரையிலிருந்து பார்த்தவர்கள். அப்போது பெஞ்சு கிடையாது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், தரையில் பாய். முன்னால் பிள்ளைகள். தரையில் உட்கார்ந்து பார்த்தால்தான் அந்தக் கூரையின் உயரம் தெரியும். இப்போது பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கிறேன், கோயில் கொஞ்சம் குட்டையான மாதிரி இருக்கிறது. பாட்டுச் சத்தமும் முன்னைப் போல் எழும்பவில்லை. கோயில் விருந்தான அசனத்து அன்றைக்குப் பந்தியில் உட்காரும்போது மட்டும் பழையபடி தரை.

வரைபடம்

அம்மா, கூரை உயரத்தைப் பற்றி நீங்கள் சொன்னது ரொம்பச் சரி. கண்ணின் மட்டம் இரண்டு அடி ஏறினாலே கூடத்தின் அளவு மாறித் தெரியும். சத்தத்துக்கும் காரணம் உண்டு: வழுவழுப்பான சுண்ணாம்புச் சுவரும் உயர்ந்த கூரையும் பாட்டைத் தாங்கிப் பிடித்துத் திருப்பித் தரும். கூரைக்குக் கீழே பொய்க்கூரை போட்டால் அது போய்விடும். உங்கள் கோயிலில் போட்டிருக்கிறார்களா?

ஓலைப்பாய்

போட்டிருக்கிறார்கள். ஏழு வருடம் ஆகிறது.

கிழக்குவாசல்

இந்த இழையைப் படித்துவிட்டுப் பதறிப்போய் எழுதுகிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். எங்கள் கோயிலும் 19ஆம் நூற்றாண்டுக் கட்டடம், சின்னதுதான். கடல் பக்கம். சில வருடம் முன்னால் சுவரில் பூச்சு உதிர்கிறது என்று உள்ளேயும் வெளியேயும் சிமெண்ட் பூசினார்கள். இப்போது இடுப்பு உயரம்வரை வெள்ளையாகப் பூத்து, தட்டினால் பொந்து மாதிரிச் சத்தம் கேட்கிறது. கமிட்டியில் பாதிப்பேர் டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்கிறார்கள். மிச்சப்பேர் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்கிறார்கள். அடுத்த ஞாயிறு கூட்டம். நான் என்ன சொல்ல?

கொத்தனார் மகன்

டைல்ஸ் ஒட்ட விடாதீர்கள். முதலில் அதை நிறுத்துங்கள், மற்றது பிறகு.

நடந்தது என்ன என்றால், சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடுகிற சுவர். தரையிலிருந்து ஈரத்தை இழுக்கும், பூச்சு வழியாக வெளியே விடும். நீங்கள் சிமெண்டைப் பூசியதும் வெளியே போகிற வழி அடைபட்டது. ஈரம் மேலே மேலே ஏறுகிறது. கடல் பக்கம் என்பதால் அந்த ஈரத்தில் உப்பு இருக்கும். தண்ணீர் காயும்போது உப்பு படிகமாகி உள்ளே செங்கல்லை நொறுக்குகிறது. வெள்ளையாகப் பூத்திருப்பது அந்த உப்புதான். டைல்ஸ் ஒட்டினால் உள்ளே நொறுங்குவது கண்ணுக்கே தெரியாது, ஒருநாள் மொத்தமாக இறங்கும்.

செய்ய வேண்டியது: முதலில் தண்ணீரைப் பாருங்கள். கூரை ஒழுகுகிறதா, கூரைத் தண்ணீர் சுவரடியில் விழுகிறதா, சுவரைச் சுற்றி சிமெண்ட் தளம் போட்டிருக்கிறார்களா? தளம் இருந்தால் சுவரை ஒட்டி ஒரு முழ அகலத்துக்கு உடைத்தெடுத்து ஜல்லி போடுங்கள். அதன்பின் சிமெண்ட் பூச்சைக் கை உளியால் மெதுவாக எடுக்க வேண்டும். மெஷின் வைத்து உடைத்தால் செங்கல் முகம் பெயர்ந்துவிடும். எடுத்த பிறகு ஒரு கோடை முழுவதும் சும்மா காயவிடுங்கள். உப்பு வெளியே பூக்கப் பூக்கக் காய்ந்த தூரிகையால் தட்டி எடுங்கள், தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். கழுவினால் உப்பு திரும்ப உள்ளே போகும். அடுத்த வருடம் நன்றாக ஊறிய சுண்ணாம்பில், உப்பில்லாத மணலில், மெல்லிசாக இரண்டு மூன்று தடவை பூச்சு. ஒவ்வொரு பூச்சையும் சில நாள் ஈரச்சாக்கு போட்டுக் காப்பாற்ற வேண்டும். மேலே சுண்ணாம்பு வெள்ளை மட்டும். பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் மறுபடி அதே கதை.

கூரையில் பனஞ்சட்டம் இருந்தால் அதன் முனை சுவருக்குள் போகிற இடத்தைக் குத்திப் பாருங்கள். கெட்டால் முதலில் அங்கேதான் கெடும். நடுவில் நன்றாக இருந்தால் முனையை மட்டும் மாற்றலாம், சட்டத்தை எறிய வேண்டாம்.

கிழக்குவாசல்

அண்ணாச்சி, அப்படியே எழுதி எடுத்துக்கொண்டேன். கமிட்டியில் ஒரு வருடம் காய விடுங்கள் என்றால் சிரிப்பார்கள். 33 வருடம் கட்டிய கதையைச் சொல்லித் தொடங்கலாம் என்று பார்க்கிறேன்.

யாழ்ப்பனை

ஒரு சின்னச் சேர்க்கை. எங்கட யாழ்ப்பாணத்தில் செங்கல்லுக்குப் பதில் கடற்கல், அதாவது பவளப்பாறைக் கல். வட்டுக்கோட்டையில் போர்த்துக்கேயர் காலத்தில் தொடங்கி ஒல்லாந்தர் காலத்தில் திருத்திக் கட்டின பழைய கோயில் வளவுக்குத்தான் 1817இல் அமெரிக்க மிஷனரிமார் வந்து சேர்ந்தவை. 1823இல் செமினரி தொடங்கினதும் அங்கேதான். சி.வை. தாமோதரம்பிள்ளை படிச்ச இடம். அந்தத் தடிச் சுவர்களும் சுண்ணாம்பாலே நிக்கிறவை. கொத்தனார் மகன் அண்ணை சொன்ன உப்புப் பிரச்சினை எங்களுக்கும் அச்சொட்டாக உண்டு. சிமெண்ட் பூசின இடமெல்லாம் இடுப்பளவுக்கு உதிருது.

பனங்காடு

கிழக்குவாசல் தம்பி, கூட்டத்துக்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். கோயிலை முழுக்கப் படம் எடுங்கள், அளவு எடுத்துக் காகிதத்தில் போடுங்கள். கல்லறைத் தோட்டத்தில் இருக்கிற பெயர்களை எழுதுங்கள். பழைய ஞானஸ்நானப் பதிவேடு பெட்டியில் இருந்தால் அதில் தகப்பன் தொழில் எழுதியிருக்கும். கொத்தன், தச்சன் என்று எழுதிய வீடுகளைத் தேடுங்கள். அந்த வீட்டுப் பேரன் பேத்திகள் இன்றும் உங்கள் ஊரில் இருப்பார்கள். அவர்களைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டு முன் வரிசையில் உட்கார வையுங்கள்.

கிழக்குவாசல்

கூட்டம் முடிந்தது. வந்து சொல்ல வேண்டும் என்று இருந்தேன்.

பதிவேடு கிடைத்தது. கரையான் கொஞ்சம் தின்றிருக்கிறது. கொத்தன் என்று நான்கு வீடு, தச்சன் என்று இரண்டு. அதில் ஒரு வீடு கமிட்டிப் பொருளாளர் வீடு, இடித்துக் கட்டலாம் என்று முதலில் சொன்னவர் அவர்தான். தன் பாட்டனுக்குப் பாட்டன் பெயரை விரலால் தொட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். வடபுறச் சுவரில் ஒரு பாக அகலத்துக்கு மட்டும் சிமெண்டை எடுத்துப் பார்க்கலாம், காய்கிறதா என்று பார்த்துவிட்டு மற்றது முடிவு செய்யலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். டைல்ஸ் இப்போதைக்கு இல்லை.

நேற்று எடுத்த பகுதியில் பூச்சுக்கு அடியில் செங்கல் வரிசைக்கு நடுவே கொத்தனாரின் ஐந்து விரலும் சுண்ணாம்பில் பதிந்திருக்கிறது. அழுத்தித் தேய்க்க மறந்த இடம். என் கையை வைத்துப் பார்த்தேன். என்னைவிடச் சின்னக் கை.

கொத்தனார் மகன்

படம் போடுங்கள் தம்பி. அந்த இடத்தை மட்டும் பூசாமல் விட்டுவிடச் சொல்லுங்கள். பெரியாள் கையாக இருக்காது, சுண்ணாம்பு எடுத்துக்கொடுக்க நின்ற பிள்ளையாக இருக்கும். எங்கள் தாத்தாவும் பத்து வயதில் அப்படித்தான் வேலைக்குப் போனார்.

சனிக்கிழமை நான் வருகிறேன். ஊறிய சுண்ணாம்பு அரைச் சாக்கு என்னிடம் இருக்கிறது, மாதிரிக்குப் போதும். சாரத்துக்குக் கம்பும் ஒரு நீள டேப்பும் மட்டும் ஏற்பாடு செய்யுங்கள்.

தேரிமணல்

டேப் நான் கொண்டுவருகிறேன். திருநெல்வேலியிலிருந்து காலை முதல் பஸ் எத்தனை மணிக்கு?